யூரோ நிம்ஃபிங்குக்கு ராடும் ரீலும்: சமநிலை பார்த்துத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

யூரோ நிம்ஃபிங் என்பது ஃப்ளையை, அதாவது பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்ளை, ஆற்றின் அடியில் ஓடவிட்டு மீன் பிடிக்கும் முறை. இதில் ராட், அதாவது தூண்டில் கோல், நாள் முழுக்கக் காற்றில்தான் நிற்கும். மற்ற வகை ஃப்ளை ஃபிஷிங்கில் வீசி முடித்ததும் லைன் தண்ணீரில் படுத்துவிடும், கையும் கொஞ்சம் இறங்கி இளைப்பாறும். இங்கே அதற்கு இடமில்லை. நுனியைத் தூக்கிப் பிடித்து, லைன் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, ஃப்ளை மிதந்து வரும் வேகத்திலேயே நுனியையும் நகர்த்த வேண்டும். சில விநாடிகளில் ஒரு ஓட்டம் முடியும். உடனே அடுத்த வீச்சு. பத்தரை அடி நீளமுள்ள ஒரு கோலை மணிக்கணக்கில் இப்படிப் பிடிக்கும்போது கையைச் சோர வைப்பது அதன் மொத்த எடை அல்ல, நுனிப் பக்கம் கீழே இழுக்கும் எடை.

அதனால்தான் இந்த வகை மீன்பிடிப்பில் ராடையும் லைனைச் சுற்றிவைக்கும் ரீலையும் தனித்தனியாக வாங்கக் கூடாது என்கிறேன். ராடை ஆற்றையும் ஃப்ளையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரீலை அந்த ராடுக்கென்று கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். கணக்கு பெரிதில்லை. சமையலறைத் தராசும் ஒரு டேப்பும் இருந்தால் போதும்.

முதலில், இது என்ன முறை

ட்ரவுட் தன் இரையில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது. நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்க்கிறார்களே, அதே குளிர்நீர் மீன்தான். மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகள் இறக்கை முளைப்பதற்கு முன் ஆற்றின் அடிக்கல்லில் வாழும் பருவத்தைப் பார்த்துக் கட்டுவதுதான் நிம்ஃப். போலந்து, செக், பிரெஞ்சு, ஸ்பானிய மீன்பிடிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாக வளர்த்தெடுத்த முறைகளைச் சேர்த்துத்தான் இன்று யூரோ நிம்ஃபிங் என்கிறார்கள்.

இதன் வடிவத்தைத் தீர்மானித்ததில் போட்டி விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உலக ஃப்ளை ஃபிஷிங் சாம்பியன்ஷிப் 1981 முதல் நடக்கிறது. அந்தப் போட்டிகளை நடத்தும் ஃபிப்ஸ்-மூஷ் அமைப்பின் விதிப்படி லைனில் ஈயக் குண்டு கட்டக் கூடாது, மிதவையும் கூடாது. எடை முழுவதும் ஃப்ளைக்குள்ளேயே இருக்க வேண்டும். ராட் 366 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, லைனின் முனையில் கட்டும் மெல்லிய நைலானான லீடர் ராடைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புகளுக்குள் மீனை நெருங்க வழி தேடித்தான் நீண்ட மெல்லிய ராட், டங்ஸ்டன் மணி கோத்த ஃப்ளை, மீன் தொடுவதைக் கண்ணுக்குக் காட்ட வண்ண நைலானில் கட்டிய சைட்டர் எல்லாம் வந்தன.

சாதாரண ராட் ஏன் இதற்கு முழுதாகப் பொருந்தாது என்பதை எடையை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். ஃப்ளை லைனின் கனத்தை வெயிட் என்ற எண்ணால் சொல்வார்கள், ராடையும் அதற்குப் பொருந்தும் லைனின் எண்ணாலேயே குறிப்பார்கள். 3 வெயிட் ஃப்ளை லைனின் முதல் 30 அடி சுமார் 6.5 கிராம் எடை. 5 வெயிட் லைன் என்றால் 9 கிராம். வழக்கமான ராட் அந்த எடையில் வளையும்படி செய்யப்பட்டது. யூரோ நிம்ஃபிங்கில் ஃப்ளை லைன் பெரும்பாலும் ரீலைவிட்டு வெளியே வருவதே இல்லை. நுனிக்கு வெளியே இருப்பது மெல்லிய நைலானும், 3 மி.மீ. டங்ஸ்டன் மணி வைத்த சுமார் கால் கிராம் ஃப்ளையும்தான். அந்தக் கால் கிராமுக்கு வளைந்து கொடுக்கிற நுனி வேண்டும்.

படி 1: உங்கள் ஆறு எது

கடைக்குப் போவதற்கு முன் இதைத் தீர்மானியுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாத இரண்டு ஆறுகளையே எடுத்துக்கொள்வோம். ஸ்டேட் காலேஜ், பெல்ஃபாண்ட் பக்கம் ஓடும் ஸ்பிரிங் க்ரீக் சுண்ணாம்புப் பாறை ஊற்றுநீர் ஆறு. காட்டு பிரவுன் ட்ரவுட் நிறைய. இரை பெரும்பாலும் சின்னச் சின்ன ஓடுடைய உயிர்கள், ஆகவே ஃப்ளையும் சிறியது, லீடரின் கடைசியில் ஃப்ளையைக் கட்டும் நூலான டிப்பெட்டும் மெல்லியது. பென்ஸ் க்ரீக் இதைவிட அகலம். கிரீன் டிரேக் என்ற பெரிய மேஃப்ளைக்குப் பேர்போனது. அங்கே இன்னும் எட்டிப் பிடிக்க வேண்டும், சில இடங்களில் கனமான ஃப்ளையை ஆழத்துக்கு இறக்க வேண்டும்.

முதல் ஆற்றுக்கு 10 அடி 2 வெயிட் அல்லது 3 வெயிட் அருமையாக இருக்கும். இரண்டாவதற்கு 10 அடி 6 அங்குலம் முதல் 11 அடி வரை, 3 அல்லது 4 வெயிட். இரண்டுக்கும் போவேன், ஒரே ராட்தான் வாங்க முடியும் என்றால் 10 அடி 6 அங்குலம், 3 வெயிட் எடுங்கள். இதை யோசிக்காமலே சொல்வேன்.

நீளத்தில் ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு அரை அடியும் எட்டும் தூரத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் கூடும் நீளம் எடையின் மையத்தைக் கையிலிருந்து இன்னும் தள்ளிக்கொண்டு போகும், அதைச் சமன்செய்ய ரீலும் கனக்க வேண்டும். மரக்கிளை தாழ்ந்த ஓடைகளில் 11 அடி ராட் தொல்லைதான்.

படி 2: நுனியும் அடியும்

நல்ல நிம்ஃப் ராடுக்கு இரண்டு குணம் வேண்டும். நுனி மென்மையாக இருக்க வேண்டும், அடிப்பாகம் வலுவாக இருக்க வேண்டும். நுனி மென்மையாக இருந்தால்தான் இலகுவான ஃப்ளையை வீச முடியும், மீன் திடீரென்று தலையை உதறும்போது டிப்பெட் அறாமல் இருக்கும். 5எக்ஸ் டிப்பெட் 0.15 மி.மீ., 6எக்ஸ் 0.13, 7எக்ஸ் 0.10. முடியளவு நூல்தான். அதைக் காப்பாற்றுவது உங்கள் கையைவிட ராடின் நுனிதான். அடிப்பாகம் வலுவாக இல்லாவிட்டால் வேகமான நீரில் மீனைத் திருப்ப முடியாது. நீண்ட நேரம் போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம்.

கடையில் சோதிக்க ஒரு வழி. ராடைக் கிடையாகப் பிடித்து ஒரு உதறு உதறி, சட்டென்று நிறுத்துங்கள். நுனியை மட்டும் பாருங்கள். ஓரிரு அசைவில் நின்றால் நல்லது. நெடுநேரம் ஆடிக்கொண்டே இருந்தால் ஆற்றில் அந்த ஆட்டம் முழுக்கச் சைட்டருக்குப் போகும். மீன் தொட்டதா, நுனி ஆடியதா என்று தெரியாமல் போகும்.

வளையங்களையும் பாருங்கள். அவை சிறியவையாக, நெருக்கமாக இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் மெல்லிய லைன் நடுவில் தொங்கும், தொடு உணர்ச்சி குறையும். ஏதாவது ஒரு வளையத்தில் நைலான் சிக்கும் விளிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

கையில் 9 அடி 5 வெயிட் ராட் இருந்தால் அதிலேயே நீண்ட லீடர் கட்டிப் பழகலாம், தப்பில்லை. கனமான ஃப்ளை, 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் டிப்பெட் என்றால் நன்றாகவே பிடிக்கலாம். முறை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்த பிறகு புது ராட் வாங்குவது நல்லது.

படி 3: கைப்பிடியும் ரீல் பூட்டும்

பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் சமநிலையில் பாதி இங்கேதான் முடிவாகிறது.

கார்க் கைப்பிடி முன்பக்கம் மெலிந்திருக்க வேண்டும். யூரோ நிம்ஃபிங்கில் ஆள்காட்டி விரலை ராடின் மேல் நீட்டிப் பிடிப்பவர்கள் அதிகம். தடித்த கைப்பிடியில் விரல் சீக்கிரம் மரத்துவிடும். கடையில் சும்மா தொட்டுப் பார்த்தால் போதாது. ஐந்து நிமிடமாவது அதே பிடியில் வைத்திருந்து பாருங்கள்.

ரீலைப் பூட்டும் விதம் இரண்டு. அப்லாக் வகையில் திருகு வளையம் கீழிருந்து மேலே ஏறும், ரீல் கார்க்கை ஒட்டி உட்காரும். டவுன்லாக் வகையில் வளையம் மேலிருந்து இறங்கும், ரீல் ராடின் அடிமுனையிலேயே போய் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான். துலாக் கிணற்றில் எதிர்க்கல்லை மரத்தின் கடைசி நுனியில் கட்டுவது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று சென்டிமீட்டரின் மதிப்பும் தெரியும். விலையும் மற்றவையும் சமமாக இருந்தால் டவுன்லாக் ராடையே எடுங்கள்.

படி 4: சமநிலைக் கணக்கு

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ரீல் இல்லாமல் ராடை முழுதாகப் பொருத்துங்கள். ஒரு விரலின் மேல் கிடையாக வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு ஒட்டு நாடா ஒட்டுங்கள். அதுதான் ராடின் எடை மையம். அப்புறம் ஆற்றில் பிடிப்பது போலவே கைப்பிடியைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் அடிக்கணு வரும் இடத்தில் இன்னொரு துண்டு ஒட்டுங்கள். இதைத் தாங்குபுள்ளி என்று வைத்துக்கொள்வோம். ரீலின் நடு அச்சு எங்கே வரும் என்பதற்குப் பூட்டின் நடுவில் மூன்றாவது குறி.

இப்போது அளவு எடுக்க வேண்டும். தாங்குபுள்ளியிலிருந்து எடை மையம் எவ்வளவு தூரம்? தாங்குபுள்ளியிலிருந்து ரீலின் அச்சு எவ்வளவு தூரம்? ராடின் எடை எவ்வளவு? ராட் எடையை முதல் தூரத்தால் பெருக்கி, இரண்டாவது தூரத்தால் வகுத்தால் ராடைக் கிடையாக நிறுத்தத் தேவையான ரீல் எடை கிடைக்கும்.

ஒரு உதாரணம். ராட் 95 கிராம். எடை மையம் தாங்குபுள்ளியிலிருந்து 35 செ.மீ. முன்னால். ரீல் 20 செ.மீ. பின்னால். 95ஐ 35ஆல் பெருக்கினால் 3325. அதை 20ஆல் வகுத்தால் 166 கிராம்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், கடைக்காரரும் விரலில் ராடைக் கிடையாக நிறுத்திக் காட்டிவிட்டு முடித்துவிடுவார். ஆனால் நாம் ராடைக் கிடையாகப் பிடிப்பதில்லை. நுனியை மேலே தூக்கி ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் பிடிக்கிறோம். ரீல் ராடுக்குக் கீழே ஐந்து செ.மீ. அளவுக்குத் தொங்குகிறது. நுனி மேலே போகப் போக, தொங்கும் அந்த ரீல் முன்பக்கமாக, உங்கள் கையை நோக்கி நகரும். எதிர்எடையாக அதன் பலன் குறையும். கிடையாகச் சரியாக நின்ற ராட், ஆற்றில் நுனிக்கனமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

திருத்தம் எளிது. சாதாரண அளவு ரீலுக்கு, 30 பாகைப் பிடிக்கு, ரீல் தூரத்திலிருந்து 3 செ.மீ. கழித்துவிட்டு வகுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 3325ஐ 17ஆல் வகுத்தால் 196 கிராம். கிடைக் கணக்கைவிட 30 கிராம் அதிகம், அதாவது ஒரு அவுன்ஸ். அதே ராடில் அப்லாக் பூட்டு இருந்து ரீல் 16 செ.மீ. தூரத்தில் வந்தால், 3325ஐ 13ஆல் வகுக்க வேண்டும். 256 கிராம். பூட்டின் வகை மாறியதற்காக மட்டும் நீங்கள் தினமும் சுமக்கும் கூடுதல் எடை 60 கிராம்.

இது ரீல், லைனுக்கு அடியில் சுற்றும் நூலான பேக்கிங், லைன் எல்லாம் சேர்ந்த எடை. விற்பவர்கள் அட்டவணையில் போடுவது வெறும் ரீலின் எடை. மெல்லிய யூரோ லைனும் கொஞ்சம் பேக்கிங்கும் சேர்த்து 15 கிராம் அளவுக்கு வரும். ஆகவே உதாரண ராடுக்கு 180 கிராம் ரீல் தேடலாம், அவுன்ஸில் சொன்னால் ஆறரைக்குச் சற்றுக் குறைவு.

பத்து கிராம் முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் கனத்தைக் கண்டபடி கூட்டவும் வேண்டாம். அடிக்கனம் மிதமிஞ்சினால் நுனி தானாக மேலே எழும். ஃப்ளை அடிமட்டத்தை விட்டுக் கிளம்பிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

படி 5: ரீலில் வேறு என்ன பார்க்க வேண்டும்

எடை கிடைத்துவிட்டது. இனி அந்த எடைக்குள் எந்த ரீல் என்பதுதான்.

மூடிய சட்டம் முதல் தேவை. லைன் சுற்றும் சுருளும் அதைத் தாங்கும் சட்டமும் சந்திக்கும் இடைவெளி முழுவதையும் சுற்றி வளையம் போல மூடியிருக்கும் ரீலைக் கேளுங்கள், ஃபுல் கேஜ் என்பார்கள். திறந்த சட்டத்தில் மெல்லிய நைலான் லீடர் இடைவெளி வழியாக நழுவிச் சுருளுக்குப் பின்னால் போய் அச்சில் சுற்றிக்கொள்ளும். மீன் மாட்டியிருக்கும்போது இது நடந்தால் அந்த மீனை மறந்துவிட வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

அடுத்தது சுருளின் விட்டம். பெரிய விட்டத்தில் சுற்றிய நைலான் சுருட்டை குறைவாக எடுக்கும், தளர்ந்த லைனையும் சீக்கிரம் உள்ளே இழுக்கலாம். நடுவே எட்டு செ.மீ. விட்டம் இருந்தால் ஒரு சுற்றுக்குக் கால் மீட்டர் வரும். யூரோ லைன் மிக மெலிசு, சுருளை நிரப்பாது. அதனால் அடியில் பேக்கிங் போதுமான அளவு சுற்றி விட்டத்தை உயர்த்திக்கொள்ளுங்கள்.

பிரேக் விஷயத்தில் அதிகபட்ச வலிமையைப் பார்த்து மயங்க வேண்டாம், தொடக்கத்தைப் பாருங்கள். 35 செ.மீ. பிரவுன் ட்ரவுட் ஒன்று வேகநீரில் கொக்கியை உணர்ந்த முதல் அரை விநாடியில் கீழ்நோக்கிப் பாயும். அந்த நேரத்தில் சுருள் தயங்காமல் உருள வேண்டும். ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிறகு விட்டால் 6எக்ஸ் டிப்பெட் அந்தக் கணத்திலேயே போய்விடும். சோதிக்கச் சுலபமான வழி: பிரேக்கைக் குறைவாக வைத்து லைனை இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள். வெட்டி வெட்டி வந்தால் வேண்டாம். சீராக வந்தால் எடுங்கள். அதிக பிரேக் தேவைப்படும் மீன் இங்கே அரிது, விளிம்பில் உள்ளங்கை வைத்தே அடக்கிவிடலாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? ராடுக்கு அதிகம், ரீலுக்குக் குறைவு. ஆர்விஸ் கிளியர்வாட்டர், எக்கோ ஷேடோ போன்றவை தொடங்குபவர்களுக்குப் போதும். சேஜ் இஎஸ்என், தாமஸ் அண்ட் தாமஸ் கான்டாக்ட் எல்லாம் விலையில் வேறு உயரம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் இலகுவான நுனிதான். நுனி இலகுவானால் ரீலும் இலகுவாகும், மொத்த எடையும் குறையும். நுனிக்கனமான மலிவு ராடைக் கனமான ரீல் போட்டுச் சமன்செய்யலாம், ஆனால் வீசும்போது அந்த நுனியின் மந்தம் போகாது.

படி 6: வீட்டில் சரிசெய்தல்

வாங்கிய ரீல் கொஞ்சம் இலகுவாக இருந்தால் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். பேக்கிங்குக்குக் கீழே பழைய 5 வெயிட் லைன் ஒன்றைச் சுற்றுங்கள். 20 கிராம் அளவுக்கு எடை கூடும், சுருளின் விட்டமும் உயரும், செலவும் இல்லை. இன்னும் வேண்டுமென்றால் டென்னிஸ் மட்டைக்கு ஒட்டும் எடை நாடாவை ரீலின் அடிக்காலில் ஒட்டலாம். சில ராடுகளின் அடிமுனையில் எடை வில்லை திருகிச் சேர்க்கலாம், சில ரீல்களுக்குள்ளேயே எடை கூட்டும் வசதி உண்டு. ரீல் கனமாகிவிட்டால் பிடியைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் பின்னால் பிடித்தாலே கணக்கு மாறிவிடும்.

லைன் விஷயத்தில் 0.55 மி.மீ. தடிமனுள்ள யூரோ லைன் போட்டி விதிக்கு ஏற்பச் செய்தது. அதன் முனையில் நீண்ட நைலான் லீடர், அப்புறம் சைட்டர், சின்ன டிப்பெட் வளையம், கடைசியாக நான்கைந்து அடி டிப்பெட். நைலானை மட்டுமே சுற்றி ஃப்ளை லைனே போடாதவர்களும் உண்டு. ஆனால் ஃப்ளை மீன்பிடிப்பு மட்டும் அனுமதிக்கும் சில நீர்நிலைகளில் லைன், லீடர் பற்றித் தனி விதி இருக்கும். உரிமம் எடுக்கும்போதே அதையும் படித்துவிடுங்கள்.

படி 7: ஆற்றில் சோதனை

எல்லாம் கோத்து, முழங்கால் அளவு நீரில் நின்று, ஃப்ளை இல்லாமல் முதலில் நுனியை மீன்பிடிக்கும் உயரத்துக்குத் தூக்குங்கள். கையை இறுக்காமல், மூன்று விரலால் மட்டும் தாங்கிப் பாருங்கள். ராட் அப்படியே நிற்க வேண்டும். மணிக்கட்டு கீழே வளைந்தால் நுனிக்கனம். சுண்டுவிரல் ரீலைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் அடிக்கனம்.

பிறகு ஃப்ளை கட்டி ஒரு மணி நேரம் பிடியுங்கள். சைட்டரைக் கவனியுங்கள். நுனிக்கனமான கருவியில் தசை சோரத் தொடங்கியதும் சைட்டர் முதலில் லேசாக நடுங்கும். ஆரஞ்சு நிறப் பகுதி ஒரு இழை மேலே போய்க் கீழே வரும். மீன் தொடுவதும் ஏறக்குறைய அதே அளவு அசைவுதான். நடுங்கும் சைட்டரில் அந்தத் தொடுதலைப் பிரித்தறிய யாராலும் முடியாது. ஒரு மணி நேரம் கழித்தும் சைட்டர் நேராக, அமைதியாக ஓட்டத்தோடு போகிறது என்றால் உங்கள் ராடும் ரீலும் பொருந்திவிட்டன.

முன்கையில் முழங்கைக்குக் கீழே வலி வந்தால் நுனியில் கனம் மிச்சம் இருக்கிறது, பத்துப் பதினைந்து கிராம் ரீலில் கூட்டுங்கள். தோளில் வலி வந்தால் அது சமநிலைக் குறை அல்ல. கையை அளவுக்கு மீறி நீட்டிப் பிடிக்கிறீர்கள், முழங்கையை விலாவுக்கு அருகே கொண்டு வாருங்கள். ராடுக்கு நீட்டிப்புத் துண்டு சேர்த்தாலோ, வேறு லைனுக்கு மாறினாலோ, குளிர்காலத்தில் தடித்த கையுறை போட்டுப் பிடி நகர்ந்தாலோ மூன்று குறிகளையும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.